மதுரை வட்டாரப் பொதுப்பள்ளிகளில் கற்றல் குறைபாட்டை இனங்காணலும் தமிழ் எழுத்தமைப்பும்

முன்னுரை

பார்வையற்றோர் கல்வியில் மதுரைக்குத் தனியிடம் உண்டு. பார்வையிழந்தவரான எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985இல் நிறுவிய இந்தியப் பார்வையற்றோர் சங்கம் சுந்தரராசன்பட்டியில் பள்ளி நடத்திவருகிறது. கண்ணும் செவியும் நலமாக இருந்தும் வாசிக்க இயலாத குழந்தையின் நிலை வேறு. அலங்காநல்லூரிலோ சேடப்பட்டியிலோ ஓர் ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் ‘மெல்லக் கற்போர்’ என்னும் பெயருடன் அக்குழந்தை அமர்ந்திருக்கும். அதனை இனங்காண்பதில் தமிழ் எழுத்தமைப்பு பெறும் இடத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

சட்டமும் காலமும்

1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்ற 7 குறைபாடுகளுள் கற்றல் குறைபாடு இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலை 21ஆக விரித்தபோதே அது இடம்பெற்றது. இயன்றவரை விரைவில் அதனைக் கண்டறிவது கல்வி நிறுவனங்களின் கடமை என்கிறது 16ஆம் பிரிவு. எனினும் 2018இல் நடுவணரசு வெளியிட்ட மதிப்பீட்டு வழிகாட்டுதலின்படி 8 வயது நிறைந்த பின்னரே சான்றிதழ் வழங்கப்படும். எழுத்தறிமுகம் நிகழும் முதலிரு வகுப்புகள் அதற்குள் கடந்துவிடுகின்றன.

பெற்றோர் அறிந்த சலுகைகளோ பொதுத்தேர்வுக்கு உரியவை: சொல்வதை எழுதுபவர், கூடுதல் 1 மணிநேரம், மொழிப்பாட விலக்கு. தமிழை வாசிக்கக் கற்பிக்காமல் தமிழிலிருந்தே விலக்களிப்பதை ஆதரவு எனக் கொள்ளவியலாது. சிறப்புப் பயிற்றுநர் வட்டார வள மையத்தைச் சார்ந்து பல பள்ளிகளுக்கு முறைவைத்துச் செல்கிறார். தொடக்கநிலையில் சிறப்புத் தேவையுடைய 10 குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்பது 2021 அக்டோபரில் உச்சநீதிமன்றம் கூறிய விகிதம். நாள்தோறும் குழந்தையைக் காண்பவர் வகுப்பாசிரியரே.

எழுத்தும் பிழையும்

ஆசிரியர்க்குக் கூறப்படும் அறிகுறிகளுள் முதன்மையானது ஆங்கிலச் சிற்றெழுத்துகளான ‘பி’, ‘டி’ ஆகியவற்றை இடவலம் மாற்றுவது. தமிழில் இடர் வேறிடங்களில் உள்ளது. ‘கெ’ என ஒலிக்கையில் மெய் முன்னும் உயிர் பின்னும் வர, எழுதுகையில் கொம்பு முந்துகிறது. ‘கொ’வில் ஓருயிருக்கு இரு குறிகள், மெய் இடையில் நிற்கிறது. ‘பம்பரம்’ என்பதில் ஒரே பகரம் இருவேறாக ஒலிக்கிறது. புள்ளி விடுபட்டால் ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும்.

வட்டார வழக்கையும் இங்குக் கருதவேண்டும். மதுரைப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கும். ‘மழை’யை ‘மளை’ என எழுதும் குழந்தை கேட்டதை எழுதுகிறது. வகுப்பில் பலரும் அவ்வாறே எழுதுவர். ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதி, மாதங்கள் கடந்தும் கொம்பையும் காலையும் இடம்மாற்றிவரும் குழந்தையே ஐயத்திற்குரியது.

2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் மாணவரை அரும்பு, மொட்டு, மலர் என நிலைப்படுத்துகிறது. வருகைக் குறைவால் அரும்பில் தங்கியவரையும் வாசிப்பிடரால் தங்கியவரையும் அந்நிலைப்பெயர் வேறுபடுத்தாது. குறிப்பேட்டுப் பிழைகளை நாளிட்டுத் தொகுத்து வகுப்பாசிரியர் வழங்கினால், சிறப்புப் பயிற்றுநர் தம் அடுத்த வருகையிலேயே அவ்வேறுபாட்டை ஆராயத் தொடங்கலாம். சான்றிதழ் வரும்வரை அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை.