விளையாட்டை ஆக்கும் படிப்பு

"எந்நேரமும் விளையாட்டு! இவன் எங்கே உருப்படப் போகிறான்?" என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளாத வீடு நம் நாட்டில் அரிது. முன்னாளில் அந்தக் கோபம் கிட்டிப்புள்ளின் மீதும் கோலிக்குண்டின் மீதும் பாய்ந்தது. இந்நாளில் கைத்தொலைபேசியின் மீது பாய்கிறது. பலாங்கொடைப் பட்டணத்திலாயினும் சரி, அதைச் சூழ்ந்த தோட்டங்களின் லயங்களிலாயினும் சரி, மாலை வேளையில் தலைகவிழ்ந்து அமர்ந்திருக்கும் சிறுவன் படிக்கிறானா, விளையாடுகிறானா என்று ஐயுற வேண்டியதில்லை. விரல்களின் வேகமே விடை சொல்லிவிடும்.

அவ்வாறு விளையாடும் பிள்ளைகளுள் எங்கோ ஒருவனுக்கு அல்லது ஒருத்திக்கு வேறொரு கேள்வி பிறக்கிறது. 'இதை யார் செய்தார்கள்? எப்படிச் செய்தார்கள்?' என்பதே அது. அந்தப் பிள்ளையையும் அதன் பெற்றோரையும் மனத்திற்கொண்டே இக்கட்டுரையை எழுதுகிறோம். வீடியோ விளையாட்டை வடிவமைத்து ஆக்குவது இன்று சர்வகலாசாலைகளிலே பட்டம் பெறத்தக்க கல்வி. அக்கல்வியின் வாசல் எங்கே இருக்கிறது, தோட்டத்துப் பிள்ளை அதற்குள் நுழைய என்ன வேண்டும் என்று பார்ப்போம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வீடியோ விளையாட்டு கடைத்தெருவிலே பிறந்ததன்று; ஆய்வுகூடத்திலே பிறந்தது. 1958இல் அமெரிக்காவின் புறூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் வில்லியம் ஹிகின்பொதம் என்னும் பௌதிக விஞ்ஞானி, பார்வையாளரை மகிழ்விப்பதற்காகச் சிறு திரையொன்றிலே ரென்னிஸ் ஆட்டம் ஒன்றை அமைத்தார். 1962இல் மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்து இளைஞர் சிலர் விண்வெளிப் போர் விளையாட்டு ஒன்றை ஆக்கினார்கள். பணம் பண்ணும் தொழிலாக அது மாறியது பின்னர்தான்.

அது படிப்பாக மாறிய கதையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். அது தொழிலாளர் குடும்பங்களின் கதையும் ஆகும்.

ஸ்கொத்லாந்தின் கிழக்குக் கரையில் டண்டீ என்றொரு நகரம் உண்டு. நம் மலைகளிலே காடு வெட்டித் தோட்டம் திறந்த துரைமாரிற் பலர் அந்த நாட்டினரே. 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரும் அவர்களுள் ஒருவர். டண்டீயோ சணலை நம்பி வாழ்ந்த ஊர். வங்காளத்திலிருந்து கப்பலில் வந்த சணலை அங்குள்ள ஆலைகள் நெய்தன. ஆலைகளில் உழைத்தவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். கொழுந்து மலையை அறிந்த நம்மவருக்கு இது புதுமையாகத் தோன்றாது. காலப்போக்கில் சணல் ஆலைகள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. ரைமெக்ஸ் என்னும் கடிகாரத் தொழிற்சாலை அவ்வூராருக்கு வேலை கொடுத்தது. 1982 முதல் அங்கே கடிகாரத்தோடு, சின்கிளயர் ஸ்பெக்ரம் என்னும் மலிவான வீட்டுக் கணினியும் பொருத்தப்பட்டது. அதன் நினைவகம் மிஞ்சினால் 48 கிலோபைற். இன்றைய கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படத்தைக்கூட அதில் அடக்க முடியாது. ஆயினும் அந்தச் சிறு இயந்திரம் டண்டீயின் தொழிலாளர் வீடுகளுக்குள் நுழைந்தது. பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். சிலர் அதற்குக் கட்டளை எழுதவும் பழகினார்கள்.

அத்தொழிற்சாலையிலே பயிலுநராகச் சேர்ந்தவர் டேவிட் ஜோன்ஸ். ஆட்குறைப்பின்போது விலகி, கிடைத்த பணத்தில் கணினியொன்றை வாங்கி, ஊரிலிருந்த தொழினுட்பக் கழகத்தில் படித்துக்கொண்டே விளையாட்டுகளை எழுதத் தொடங்கினார். அவரும் நண்பர்களும் நடத்திய நிறுவனத்திலிருந்து 1991இல் 'லெமிங்ஸ்' வெளிவந்தது. சின்னஞ்சிறு உருவங்கள் வரிசை வரிசையாய் நடந்து பள்ளத்தை நோக்கிச் செல்லும்; அவற்றுக்குத் தக்க வேலை கொடுத்துக் காப்பாற்றுவதே ஆட்டம். உருவம் ஒன்று எட்டுக்கு எட்டுப் புள்ளிகளுக்குள்ளேயே வரையப்பட்டது என்பது அதிசயம். 1997இல் அதே நிறுவனத்திலிருந்து 'கிராண்ட் தெவ்ற் ஓட்டோ' வந்தது. அது வளர்ந்தோருக்கென்றே வகுக்கப்பட்ட, வன்செயல் மலிந்த விளையாட்டு. பிள்ளைகள் கையிற் கொடுக்கத் தகாதது என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் கடிகாரத் தொழிற்சாலை 1993இல் கதவடைத்த ஊருக்கு அத்தொழில் புதுப் பிழைப்பைக் கொடுத்தது என்பதையும் மறுக்க முடியாது.

அந்த 1997ஆம் ஆண்டிலேதான், முன்னாளில் தொழினுட்பக் கழகமாயிருந்து பல்கலைக்கழகமாக உயர்ந்த அபெர்ற்றே, கணினி விளையாட்டுத் துறையிற் பட்டப்படிப்பை ஆரம்பித்தது. உலகிலே முதன்முதல் தொடங்கியது தாமே என்பது அவர்களுடைய பெருமை. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் டிஜிபென் கழகமும் இத்துறையில் இறங்கியது. யார் முந்தியவர் என்ற வழக்கில் நாம் தலையிட வேண்டியதில்லை.

சரி, இந்தப் படிப்பில் எதைத்தான் கற்பிக்கிறார்கள்? மூன்று ஆண்டு விளையாடிவிட்டுப் பட்டம் வாங்கலாம் என்று எண்ணிச் சேர்பவன் முதல் மாதத்திலேயே ஏமாந்துபோவான். அங்கே கணிதமே அரசாளுகிறது.

திரையில் ஒரு சிறுவன் துள்ளிக் குதிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். கணினி ஒரு வினாடியில் பெரும்பாலும் 60 தடவை படத்தைப் புதிதாக வரைகிறது. முதல் தடவை சிறுவனைப் 10 புள்ளி மேலே உயர்த்து, அடுத்த தடவை 9, பின்பு 8 என்று ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வா என்று கட்டளையிட வேண்டும். ஒன்றுவரை வந்ததும் அவன் ஏறிய உயரம் 55 புள்ளி. அதன் பின் எண் பூச்சியத்தைக் கடந்து மறைப் பக்கம் செல்ல, அவன் கீழே விழத் தொடங்குகிறான். புவியீர்ப்பு இவ்வளவே! இது சாதாரண தர வகுப்பிலே நாம் படிக்கும் கூட்டல் விருத்தி அல்லாமல் வேறென்ன? பந்து ஒன்று மற்றொன்றில் மோதியதா என்று அறியப் பைதகரசின் தேற்றம் வேண்டும். மையங்கள் குறுக்கே 3, நெடுக்கே 4 அலகு விலகியிருந்தால் இடைத்தூரம் 5. ஆரைகள் 2உம் 3உம் ஆனால் இரண்டும் தொட்டுவிட்டன. உருவத்தைச் சுழற்றுவதற்குத் தாயங்கள் வேண்டும். தாயக்கட்டை உருட்டும் ஆட்டத்துக்கும் எண்களை நிரை நிரலாய் அடுக்கும் கணிதத்துக்கும் நம் பாடநூல் ஒரே பெயரை வைத்திருப்பது எவ்வளவு பொருத்தம்!

கணிதத்தோடு முடிந்துவிடுவதில்லை. சித்திரம் வரைபவர், இசையமைப்பவர், கதை எழுதுபவர், கட்டளை எழுதுபவர் எல்லாரும் ஒரு குழுவாய்க் கூடி ஒரு விளையாட்டை முடித்துக் காட்டுவதே இத்தகைய படிப்புகளில் பெரிய பரீட்சை. அவர்களுக்கு நடுவே வடிவமைப்பாளர் என்று ஒருவர் இருப்பார். ஆட்டத்தின் விதிகளை வகுப்பது அவர் பொறுப்பு. அது எத்தகைய வேலை என்பதை அறிய நம் ஆடுபுலி ஆட்டத்தைப் பார்த்தாலே போதும். புலிகள் மூன்று, ஆடுகள் பதினைந்து. புலி தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் வலிமை இல்லை, கூடி நின்று வழியை அடைப்பதே அதன் பலம். இரு பக்கத்தாருக்கும் படை வேறு, நோக்கம் வேறு. ஆயினும் ஆட்டம் ஒரு பக்கமாய்ச் சாய்ந்துவிடுவதில்லை. புலியை நான்காக்கினால் என்ன ஆகும்? ஆட்டைப் பன்னிரண்டாகக் குறைத்தால்? இப்படி மாற்றி மாற்றி ஆடிப் பார்த்துச் சமநிலையைக் கண்டுபிடிப்பதே வடிவமைப்பு. கணினியைத் தொடுமுன் கடதாசியில் வரைந்து ஆடிப்பார்க்கும்படி ஆசிரியர்கள் வற்புறுத்துவதும் இதனாலேதான்.

நம் பண்பாட்டை வைத்து உலகம் மதிக்கும் விளையாட்டை ஆக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு 'வெண்பா'வைக் காட்டலாம். கனடாவில், ரொறன்ரோவிலுள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் 2023இல் அதை வெளியிட்டது. 1980களிலே தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய வெண்பா என்ற தாயும் அவள் குடும்பமுமே கதை. துப்பாக்கி இல்லை, ஓட்டப்பந்தயம் இல்லை, சமையல்தான். தாயின் சமையற் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் மங்கியும் கிடக்கிறது. விடுபட்ட வரிகளை ஆடுபவரே ஊகித்து இட்டலியும் புட்டும் ஆக்க வேண்டும். அந்நிய மண்ணில் வளரும் மகன் தாய்மொழியை விட்டு விலகிப் போவதும் இடையிடையே வந்து நெஞ்சைத் தொடுகிறது. 2024இல் பிரித்தானியாவின் பஃப்ரா நிறுவனம் அதற்குச் சிறந்த முதற்படைப்புக்கான விருதை வழங்கியது. லயத்து அடுப்பங்கரையில் இதைவிடக் குறைந்த கதையா இருக்கிறது?

இனி நம் ஊருக்கு வருவோம். பலாங்கொடையிலிருந்து ஹப்புத்தளைக்குப் போகும் வீதியில் ஏறத்தாழ 20 கிலோமீற்றர் சென்றால் பெலிஹுல்ஓயாவில் சப்பிரகமுவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கணினிக் கல்விக்கென்றே அங்கு ஒரு பீடம் உண்டு. விளையாட்டு வடிவமைப்பு என்ற பெயரில் பட்டம் தேடி அலையாமல், கணினி விஞ்ஞானத்திலோ மென்பொருட் பொறியியலிலோ பட்டம் பெற்று, அதன் மேல் விளையாட்டுத் துறையைப் பழகுவதே நம் பிள்ளைகளுக்கு உகந்தது என்பது எமது அபிப்பிராயம். 2023, 2024ஆம் ஆண்டுகளில் உலகின் பெரிய விளையாட்டு நிறுவனங்கள் ஆயிரக்கணக்கானோரை வேலையிலிருந்து நிறுத்தின. அகன்ற படிப்புள்ளவன் வங்கியிலோ மருத்துவமனையிலோ கணினி வேலை தேடிக்கொள்வான். குறுகிய படிப்புள்ளவன் தவிப்பான். மேலும் அரச பல்கலைக்கழகத்திற் கற்பதற்குக் கட்டணம் இல்லை. தனியார் கல்லூரிகளோ இலட்சக்கணக்கில் கேட்கின்றன. 2024இல் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,350 ரூபாய் என்று அரசு வர்த்தமானியில் அறிவித்ததை நினைத்தால், வேறு கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடங்கள் தீவு முழுவதற்குமான திறமை வரிசையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. இரத்தினபுரியும் அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. ஆகவே வாசல் அடைபட்டதன்று. இடர் வேறிடத்தில் இருக்கிறது. கணினிப் பட்டங்களுக்குரிய வழிகளிற் பல, உயர்தரத்தில் இணைந்த கணிதம் பயின்றோருக்கே திறக்கின்றன. 2013இல் ஆரம்பமான தொழினுட்பப் பிரிவினருக்கும் சில வழிகள் உண்டு. ஆனால் 1977 முதல் அரசு பொறுப்பேற்ற தோட்டப் பாடசாலைகளில் கணித, விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை இன்னும் தீர்ந்தபாடில்லை. தமிழ்மொழியில் உயர்தரக் கணிதப் பிரிவு நடைபெறும் பாடசாலைகள் தோட்டப் பகுதிகளில் மிகச் சில. இதனால் கணக்கிலே கெட்டிக்காரியான பிள்ளையும், அருகில் வேறு பிரிவு இல்லை என்பதால் கலைப் பிரிவிற் சேர்ந்துவிடுகிறாள். அவளுக்கு எந்தப் பல்கலைக்கழகம் என்பது பதினெட்டு வயதிலே தீர்மானமாவதில்லை. பதினாறு வயதிலே, பஸ் ஓடுகிறதா, விடுதி கிடைக்குமா என்பதிலே தீர்மானமாகிவிடுகிறது. சாதாரண தரப் பெறுபேறு வரும்வரை காத்திராமல், தரம் 10இலேயே பெற்றோர் அதிபரிடம் சென்று, தமிழ்மொழியிற் கணிதப் பிரிவு எங்கே உண்டு என்று விசாரித்து வைக்க வேண்டும். ஆண்டுதோறும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் கைந்நூலையும் அந்த ஆசிரியரிடமே கேட்டுப் பார்க்கலாம், தகைமைகள் மாறுவதுண்டு.

இன்னொரு தடை ஆங்கிலம். கணினிப் பட்டங்கள் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. தமிழில் நன்கு கணிதம் கற்றவன் முதல் ஆண்டில் திணறுவது உண்மை. சோர்ந்துபோய்த் திரும்பிவிடாமல் இருந்தால் இரண்டாம் ஆண்டில் நிமிர்ந்துவிடலாம். பல்கலைக்கழக வாய்ப்புத் தவறியோருக்குக் கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய பி.ஐ.ரி. என்னும் வெளிவாரித் தகவல் தொழினுட்பப் பட்டமும் இருக்கிறது.

பெற்றோரின் அச்சத்தையும் நாம் அலட்சியம் செய்யவில்லை. 2022இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், கட்டுக்கடங்காத விளையாட்டுப் பழக்கமும் ஒரு கோளாறாக இடம்பெற்றிருக்கிறது. உணவும் உறக்கமும் படிப்பும் கெட்டு, அது மாதக்கணக்கில் நீடிக்குமாயின் வைத்தியரை நாட வேண்டும். ஆனால் ஆடுபவனும் ஆக்குபவனும் ஒருவரல்லர். ஆக்க விரும்பும் பிள்ளை எது என்று கண்டறியச் செலவில்லாத வழி உண்டு. இணையத்தில் கோடோ, பிளென்டர் போன்ற கருவிகள் விலையின்றிக் கிடைக்கின்றன. பாடசாலைக் கணினி அறையிலே அதிபரின் அனுமதியோடு பழகலாம். கணினியே இல்லையா? வருகிற விடுமுறையில் ஆடுபுலிக் கட்டத்தை வரைந்து, புலியை நான்காக்கித் தம்பி தங்கையரோடு பத்து முறை ஆடி, ஒவ்வொரு முறையும் வென்றது யார், ஏன் என்று கொப்பியில் எழுதி வரச் சொல்லுங்கள். மூன்றாம் முறையோடு கொப்பியை மூடிவிடும் பிள்ளைகளும் உண்டு, பத்தாவதும் முடிந்தபின், "ஆட்டை இருபதாக்கினால்?" என்று கேட்கும் பிள்ளைகளும் உண்டு.