ஒட்டிய படம் ஏன் மேலேயே போகிறது?

ஒரு சிவப்புப் பெட்டி, அதன்மேல் எழுத்து. இரண்டுக்கும் நடுவே ஒரு நிழல் வேண்டும். வேறு கோப்பிலிருந்து நிழலைக் காப்பி செய்து பேஸ்ட் செய்தால், அது எழுத்தையும் மறைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் மேலே போய் உட்காரும். வெக்டர் மென்பொருளில் வரைகிறவர்களுக்கு இது அன்றாட அனுபவம். படம் சேமிக்கப்படும் விதமே இதற்குக் காரணம்.

2001இல் இணையத் தரமாக அறிவிக்கப்பட்ட எஸ்விஜி என்ற வெக்டர் பட வகையிலான ஒரு கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பவை வெறும் எழுத்து வரிகள். ஒன்று வட்டத்தைச் சொல்லும், அடுத்தது கோட்டைச் சொல்லும். கணினி முதல் வரியில் தொடங்கி வரிசையாக வரைந்துகொண்டே போகிறது. ஓவியர் வண்ணத்தின்மேல் வண்ணம் பூசுவதுபோல, பின்னால் வரைவது முன்னால் வரைந்ததை மறைக்கும். எது மேல், எது கீழ் என்பதை இந்த வரிகளின் பட்டியலில் அதன் இடம்தான் தீர்மானிக்கிறது. பேஸ்ட் என்றால் பெரும்பாலும் பட்டியலின் கடைசியில் சேர்ப்பது. அதனால்தான் ஒட்டியது மேலே நிற்கிறது.

நடுவில் சேர்க்க இல்லஸ்ட்ரேட்டர் என்ற வெக்டர் மென்பொருளில் நல்ல வழி இருக்கிறது. பெட்டியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு கன்ட்ரோலும் எஃப்பும் அழுத்தினால் ஒட்டுவது அதற்குச் சற்று மேலேயும், கன்ட்ரோலும் பியும் அழுத்தினால் சற்றுக் கீழேயும் போய்ச் சேரும். எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் அப்போது வேலை செய்யும் லேயரின் (அடுக்கின்) உச்சிக்கோ அடிக்கோ போய்விடும். இங்க்ஸ்கேப் என்ற மற்றொரு வெக்டர் மென்பொருளில் ஒட்டிய பிறகு பேஜ் அப், பேஜ் டவுன் விசைகளால் படிப்படியாக நகர்த்தலாம்.

பல வடிவங்களை ஒன்றாகச் சேர்த்துக் குரூப் செய்யும்போதுதான் பலர் குழம்புகிறார்கள். ஒரு குரூப்புக்குப் பட்டியலில் ஒரே இடம்தான். அடியில் இருப்பதையும் உச்சியில் இருப்பதையும் சேர்த்துக் குரூப் செய்தால், அடியில் இருந்ததும் உச்சிக்கு ஏறிவிடும். இடையில் இருந்தவை எல்லாம் கீழே போய்விடும்.

ஆனால் வரிசையை எப்படி மாற்றினாலும் வரைய முடியாத படங்களும் உண்டு. பியர் டி கூபெர்தான் 1913இல் வடிவமைத்த ஒலிம்பிக் வளையங்களைக் கவனியுங்கள். நீல வளையமும் மஞ்சள் வளையமும் இரண்டு இடங்களில் வெட்டிக்கொள்கின்றன. ஓரிடத்தில் நீலம் மேலே, மற்றதில் மஞ்சள் மேலே. பட்டியலில் நீலம் முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் ஓரிடம் தப்பாகத்தான் வரும். முப்பரிமாண வரைகலையிலும் இதே சிக்கல் எழுந்தது: மூன்று பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழற்சியாகப் படிந்தால் எதை முதலில் வரைவது? 1972இல் மார்ட்டின் நியூவெல், டிக் நியூவெல், டாம் சாஞ்சா மூவரும் வெளியிட்ட முறையில், பின்னிக்கொண்ட வடிவத்தை வெட்டிவிட்டுத் துண்டுகளை வரிசைப்படுத்துவார்கள். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது.

வளையத்துக்கும் அதே வைத்தியம்தான். அடியில் உள்ள நீல வளையத்தைக் காப்பி செய்து, மஞ்சளைத் தேர்ந்தெடுத்து அதற்கு மேலே ஒட்டி, வெட்டும் இடத்துத் துண்டை மட்டும் விட்டு மற்றதை அழிக்க வேண்டும். கன்ட்ரோல்-எஃப் பழைய இடத்திலேயே இம்மி பிசகாமல் ஒட்டுவதால்தான் இது சாத்தியமாகிறது. 2022இல் இல்லஸ்ட்ரேட்டரில் சேர்ந்த பின்னல் வசதி இந்தச் சிரமத்தைக் குறைத்தது. வெட்டும் இடத்தைச் சுற்றி வளைத்துக் காட்டினால் அங்கு மட்டும் மேல்கீழ் மாறும். வளையங்கள் முழுசாகவே இருக்கும். அந்தப் படத்தை எஸ்விஜியாகக் கொடுக்க வேண்டுமானால், ஒற்றைப் பட்டியலுக்குள் அடங்கும்படி ஏதோ ஒரு வளையத்தை வெட்டியோ அதன் துண்டை இரண்டாம் முறை வரைந்தோதான் ஆக வேண்டும்.