கப்பலுக்கே லிஃப்ட்... அப்போ தண்ணிக்கு?

உங்க காலேஜ்ல லிஃப்ட் இருக்கா பாஸ்? இருந்தாலும் 'ஸ்டாஃப் மட்டும்'னு போர்டு மாட்டியிருப்பாங்க. நாலாவது மாடி லேபுக்கு மூச்சு வாங்க ஏறுற ஜாதிதான் நாமெல்லாம். ஆனா உலகத்துல சில ஊர்கள்ல படகு ஜம்முனு லிஃப்ட்ல ஏறிப் போகுது, தெரியுமா?

இந்த மேட்டர் என் கண்ணுல பட்டதுக்குக் காரணம் எங்க அப்பாரு. போன செமஸ்டர் லீவுக்கு அவிநாசிப் பக்கம் இருக்கிற எங்க ஊருக்குப் போயிருந்தேன். குளத்துக் கரையில உட்கார்ந்து, குழாய்ல இருந்து கொட்டுற அத்திக்கடவு தண்ணியையே பார்த்துட்டு இருந்தார்.

"ஏங்கண்ணு, பவானி ஆறு பள்ளத்துல கெடக்குது. இங்க மேடு. எப்படி ஏறுது?"

"மோட்டார் போட்டு பம்ப் பண்றாங்கப்பாரு."

"அது எனக்குந் தெரியும். ஏத்தறதுக்கு எத்தனை கரண்ட் ஆவும்? நீதான் இன்ஜினீயருக்குப் படிக்கறயே, சொல்லு பாக்கலாம்."

மெக்கானிக்கல், மூணாவது வருஷம், அரியர் ஒண்ணுகூட இல்லை. ஆனாலும் பதில் வரலை! அன்னிக்கு ராத்திரி கணக்கைத் தேடி உட்கார்ந்தப்போதான் படகு லிஃப்ட் சிக்குச்சு.

ராட்டினத்துல படகு!

ஸ்காட்லாந்துல ஃபால்கிர்க்னு ஒரு ஊர். அங்கே மேலே ஒரு கால்வாய், கீழே ஒரு கால்வாய். ரெண்டையும் இணைக்க ஒரு காலத்துல 11 லாக் கதவுகள் இருந்துச்சு. ஒவ்வொரு லாக்கா தண்ணியை நிரப்பி, வடிச்சு, படகைப் படிப்படியா ஏத்தணும். பொழுதே போயிடும். அந்த லாக்குகளை 1933-ல் மூடிட்டாங்க. 2002 மே மாசம் அதே ஊர்ல 35 மீட்டர் உயரத்துக்கு ஒரு ராட்டினம் வந்துச்சு. பேரு ஃபால்கிர்க் வீல். ரெண்டு பக்கமும் தண்ணி நிரம்பின ரெண்டு தொட்டிகள். படகு தொட்டிக்குள்ள மிதந்துகிட்டு வந்து நிக்கும். சக்கரம் அரைச் சுத்து சுத்தினா, அஞ்சு நிமிஷத்துல 24 மீட்டர் மேலே!

ஒரு சுத்துக்கு ஆகுற கரண்ட் எவ்வளவு தெரியுமா? சுமார் ஒன்றரை யூனிட். நம்ம ஹாஸ்டல் அயர்ன் பாக்ஸை ஒன்றரை மணி நேரம் போட்ட மாதிரிதான்.

எப்படி முடியுது? ஸ்கூல்ல படிச்ச ஆர்க்கிமிடிஸைக் கூப்பிடுங்க. படகு உள்ளே வரும்போது தன் எடைக்குச் சமமான தண்ணியை வெளியே தள்ளிடும். அதனால தொட்டியில படகு இருந்தாலும் இல்லாட்டியும் எடை ஒண்ணுதான். ரெண்டு பக்கமும் தலா 250 டன். தராசு சமமா நிக்குது, லேசா தள்ளிவிட்டா போதும். எதிர் எடை இல்லாம அதே 250 டன்னை 24 மீட்டர் தூக்கணும்னா குறைஞ்சது 16 யூனிட் வேணும்.

சீனாவுல த்ரீ கார்ஜஸ் அணையில 2016-ல் வந்த கப்பல் லிஃப்ட்டுக்கும் இதே எதிர் எடை ஐடியாதான். 3,000 டன் கப்பலையே 113 மீட்டர் வரைக்கும் ஏத்துது!

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்னா இது!

லிஃப்ட் வேண்டாம், சரிவு போதும்னு நினைச்ச ஊர் ஜப்பானோட கியோட்டோ. பிவா ஏரித் தண்ணியை அங்கே கொண்டு வர்ற கால்வாய் 1890-ல் முடிஞ்சுது. வழியில கெயாகேங்கிற இடத்துல 36 மீட்டர் இறக்கம். 582 மீட்டர் நீளத்துக்குச் சரிவா தண்டவாளம் போட்டாங்க. படகைச் சக்கரம் வச்ச தொட்டில்ல ஏத்தி, கம்பி வடத்துல கட்டி இழுத்தாங்க. இழுக்கிற மின்சாரமும் அதே கால்வாய்த் தண்ணியில இருந்துதான்! 1948-ல் அது நின்னு போச்சு. இப்போ அந்தத் தண்டவாளத்தோரம் செர்ரிப் பூ பார்க்கக் கூட்டம் அள்ளுது.

அந்தக் கால்வாயைக் கட்டிய இன்ஜினீயர் தனாபே சகுரோ. காலேஜ் பட்டத்துக்காக அவர் எழுதின ஆய்வே பிவா கால்வாய் பத்தித்தான். 1883-ல் படிப்பை முடிச்ச கையோட வேலையில இழுத்துப் போட்டுட்டாங்க. அப்போ அவருக்கு வயசு 21! எனக்கு இப்போ 20. நான் என்ன பண்ணி வெச்சிருந்தேன்? ஃபைனல் இயருக்கு ரெடிமேட் ப்ராஜெக்ட் ஒண்ணுக்கு அட்வான்ஸ் கொடுத்து வெச்சிருந்தேன். சிரிக்காதீங்க, உங்க கிளாஸ்லயும் நாலு பேர் இருப்பாங்க!

கெயாகே கதையை அப்பாருகிட்ட சொன்னேன். "இதென்னடா அதிசயம்? நம்ம கவலை இறைச்சதும் இதேதான்"ன்னார். கிணத்து மேட்டுல இருந்து சரிவா ஒரு பாதை. மாடு ரெண்டும் வடத்தை இழுத்துக்கிட்டு இறக்கத்துல நடக்கும். இறக்கத்துல நடக்குறதால மாட்டோட எடையும் சேர்ந்து இழுக்கும். சால் மேலே வந்ததும் தும்பி வழியா தண்ணி கொட்டும். சாய்தளம்னு புக்ல நாம படிச்சது அவருக்குத் தினசரி வேலை!

இப்போ நம்ம கணக்கு

அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்தை அறுபது வருஷமாக் கேட்டுக் கேட்டு வாங்கினோம். 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கி வெச்சாங்க. செலவு 1,916 கோடி ரூபாய். பேர்லதான் அத்திக்கடவு. தண்ணி எடுக்குறது அங்கே இல்லை, ரொம்பக் கீழே. பவானியில காளிங்கராயன் அணைக்கட்டைத் தாண்டி வர்ற உபரி நீர்தான் நமக்கு. மத்த பாசனங்கள் எடுத்தது போக மிஞ்சினது. அதனால ஆறு நீரேற்று நிலையம் வெச்சு, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்கள்ல இருக்கிற 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாய்ல ஏத்துறாங்க.

விநாடிக்கு 250 கன அடி, 70 நாள். பெருக்கிப் பாருங்க, 1.5 டிஎம்சி வரும். ஆத்துக்கும் அவிநாசிக்கும் உயர வித்தியாசம் 100 மீட்டருக்கு மேலே. 100 மீட்டர்னு வெச்சாலே, பம்ப்ல ஆகுற நஷ்டம், குழாய் உராய்வு எல்லாத்தையும் விட்டுட்டு, ஒரு கோடியே 15 லட்சம் யூனிட் வேணும். படகு லிஃப்ட் மாதிரி இங்கே எதிர்த்தட்டு கிடையாது. படகு ஏறும், இறங்கும். நம்ம தண்ணி ஏறுது, திரும்பி வராது. மண்ணுக்குள்ள இறங்கி, வறண்ட கிணத்தை நனைக்கத்தான் அது வருது. அதனால ஒவ்வொரு சொட்டும் முழு விலை!

இன்னும் சுருக்கினா, ஒரு யூனிட்டுக்கு அதிகபட்சம் 3,670 லிட்டர். அதை ஏத்திக் கொண்டுவந்து, பாலிதீன் கவரும் சாயக் கழிவும் கிடக்குற குட்டையில விட்டா எப்படி இருக்கும்?

இந்தக் கணக்கை நோட்டுல காட்டினப்போ அப்பாரு ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "அப்ப நம்ம கொளத்துக்கு வந்த தண்ணிக்கு எத்தனை?"ன்னார்.

மறுபடியும் முழிச்சேன். குளத்துக்கு எவ்வளவு வந்துச்சு, எவ்வளவு மண்ணுக்குள்ள போச்சு, எவ்வளவு ஆவியாச்சு? இதை அளக்காம பதில் சொல்ல முடியாது.

ரெடிமேட் ப்ராஜெக்ட்டை கேன்சல் பண்ணியாச்சு. அட்வான்ஸ் திரும்பி வரலை, போகட்டும்! கரையில அளவுகோல் நட்டு, சுத்தியிருக்கிற பத்துக் கிணத்துல வாரா வாரம் நீர்மட்டம் எடுக்கப் போறேன். டீம்ல ரெண்டு இடம் காலி. கயிறு பிடிக்க அப்பாரு ரெடி. நீங்க?