வார்டுக்கும் வினா வங்கிக்கும் இடையே...

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு மருத்துவ இடம் கிடைத்துவிட்டால், அந்தத் தெருவே மகிழ்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-இல் நடைமுறைக்கு வந்த பிறகு, இத்தகைய மகிழ்ச்சிக்கான வாய்ப்பு கூடியிருக்கிறது. 'நீட்' தேர்வைத் தாண்டியாயிற்று, இனி டாக்டர்தான் என்று பெற்றோர் நிம்மதி அடைகின்றனர். ஆனால், முதலாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்வுக்கான பயிற்சி மைய விளம்பரங்கள் மாணவரின் கைப்பேசியை நிறைக்கத் தொடங்கிவிடுகின்றன.

அந்த அடுத்த தேர்வு எது? தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019-இன் 15-ஆவது பிரிவு, இறுதியாண்டு மாணவர்கள் அனைவருக்கும் 'நெக்ஸ்ட்' என்ற பொதுத் தேர்வை வகுத்துள்ளது. மருத்துவராகப் பதிவு செய்யவும், முதுநிலை இடம் பெறவும் அதுவே அடிப்படை. 2023 ஜூனில் வெளியான விதிமுறைகளின்படி, முதல் நிலையில் ஆறு தாள்கள், 540 கொள்குறி வினாக்கள். ஓராண்டு பயிற்சி மருத்துவப் பணிக்குப் பின், இரண்டாம் நிலையாகச் செய்முறைத் தேர்வு. தமிழக அரசு உள்பட பல தரப்பினர் எதிர்த்த நிலையில், அடுத்த மாதமே அது ஒத்திவைக்கப்பட்டது. ஆனால், சட்டப்பிரிவு நீக்கப்படவில்லை. வருமா, எப்போது வரும் என்ற ஐயத்துடன், முதுநிலை 'நீட்' தேர்வுக்கும் சேர்த்தே இன்றைய மாணவர்கள் தயாராகின்றனர்.

முன்கூட்டியே தயாராவது தவறன்று. படித்ததையே திரும்பப் படிப்பதைவிட, தன்னைத் தானே சோதித்துக்கொள்பவருக்கு ஒரு வாரம் கழித்தும் பாடம் கூடுதலாக நினைவில் நிற்கிறது என்பதை 2006-இல் அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் காட்டினர். வினா வங்கியின் உண்மையான பயன் இதுதான்.

அது வார்டுக்கு மாற்றாகும்போதுதான் சிக்கல் எழுகிறது. குழித்தறியில் பல்லாண்டுகள் அமர்ந்து முழங்கால் வலியோடு வரும் முதியவர், நான்கு விடைகளைக் கையில் ஏந்தி வருவதில்லை. என்ன கேட்பது, எங்கே தொட்டுப் பார்ப்பது என்பதை நோயாளியின் அருகில் நின்றுதான் கற்க முடியும். அமெரிக்காவில் உரிமத் தேர்வின் முதல் கட்ட மதிப்பெண்ணுக்கு அளவு கடந்த முக்கியத்துவம் ஏற்பட்டதால், 2022 ஜனவரி முதல் மதிப்பெண் முறை கைவிடப்பட்டு, தேர்ச்சி அல்லது தோல்வி என்று மட்டுமே அறிவிக்கப்படுகிறது.

எனவே, வரிசை முக்கியம். உடற்கூறியல், உடலியங்கியல், நோய்க்குறியியல், மருந்தியல் ஆகிய அடிப்படைப் பாடங்களைப் புரிந்து படிப்பதே முதலிரு ஆண்டுகளின் உரிமத் தேர்வுத் தயாரிப்பு. மூன்றாம் ஆண்டு முதல், காலையில் வார்டில் பார்த்த நோயைப் பற்றி அன்று மாலை இருபது வினாக்களுக்கு விடையளித்தால் போதும். முழுநீள மாதிரித் தேர்வுகளை இறுதியாண்டுக்கு விட்டுவிடலாம்.

கல்லூரிகளுக்கும் இதில் கடமை உண்டு. அகமதிப்பீட்டுத் தேர்வுகளிலேயே நோயாளியின் நிலையை விவரித்துத் தீர்வு கேட்கும் வினாக்களைச் சேர்த்தால், தனிப் பயிற்சிக்குப் பணம் கட்ட இயலாத மாணவரும் பின்தங்கமாட்டார்.

காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் வெவ்வேறு நிறமானாலும், கோர்வை முறையில் ஒரே தறியில் இணைத்தே நெய்யப்படுகின்றன. படிப்பும் தேர்வுத் தயாரிப்பும் அவ்வாறு இணைந்தால்தான், உரிமம் பெறுபவரை நம்பி நோயாளி கையை நீட்ட முடியும்.