சதவீதம் எதன் மீது? பல் மருத்துவர்களின் தீராத ஊதியக் கணக்கு

புது தில்லி: தலைநகரின் லாஜ்பத் நகரிலும், துவாரகையிலும், அண்டையிலுள்ள நொய்டா, குருகிராமிலும் தெருவுக்குத் தெரு பல் மருத்துவமனைப் பலகைகளைக் காணலாம். பலகையில் இருப்பது உரிமையாளரின் பெயர். உள்ளே சிகிச்சை அளிப்பவரோ பல நேரங்களில் வேறொருவர். 'அசோசியேட்' என்று அழைக்கப்படும் இந்த இளம் மருத்துவர்களுக்கு என்ன ஊதியம், அதை எப்படிக் கணக்கிடுவது என்பது பெரும்பாலும் வாய்மொழிப் பேச்சிலேயே முடிந்துவிடுகிறது. தகராறு வரும்போதுதான் காகிதம் எதுவும் இல்லை என்பது நினைவுக்கு வருகிறது.

நாட்டில் 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை தனியாருடையவை. ஆண்டுக்கு 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பி.டி.எஸ். இடங்கள் உள்ளன. அரசுப் பணியிடங்கள் மிகச் சொற்பம். சொந்த மருத்துவமனை தொடங்க நாற்காலி, எக்ஸ்ரே, கிருமி நீக்கும் கருவி, வாடகை முன்பணம் என லட்சக்கணக்கில் வேண்டும். லட்சக்கணக்கில் கட்டணம் செலுத்திப் படித்து வெளியே வருபவருக்கு இன்னொருவரின் மருத்துவமனையில் சேருவதைத் தவிர வேறு வழியில்லை. பேரம் பேசும் வலிமை யாரிடம் இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

புதிதாக வருபவருக்கு மாதச் சம்பளம், அனுபவம் கூடியதும் வசூலில் பங்கு, எம்.டி.எஸ். முடித்த சிறப்பு மருத்துவருக்கு ஒரு நோயாளிக்கு இவ்வளவு என்ற தொகை. இவையே வழக்கத்திலுள்ள முறைகள். சிக்கல் பிறப்பது பங்கு முறையில்.

ஓர் உதாரணம். வேர் சிகிச்சைக்கும் பல் உறைக்கும் சேர்த்து நோயாளியிடம் ரூ.8,000 கட்டணம். உறை செய்து தரும் ஆய்வகத்துக்கு ரூ.1,500. மருத்துவரின் பங்கு 40 சதவீதம். முழுத் தொகையில் கணக்கிட்டால் அவருக்கு ரூ.3,200. ஆய்வகச் செலவைக் கழித்த பிறகு கணக்கிட்டால் ரூ.2,600. நோயாளி இம்மாதம் ரூ.5,000 மட்டுமே தந்திருந்து, ஆய்வகச் செலவு முழுவதும் அதிலேயே கழிக்கப்பட்டால் ரூ.1,400. மூன்றுமே '40 சதவீதம்'தான்! பில் புத்தகம் உரிமையாளரின் மேஜையில் இருக்கும்போது எந்தக் கணக்கு போடப்பட்டது என்பதை அசோசியேட் சரிபார்க்க முடிவதில்லை. உரிமையாளர் தம் நண்பர்களுக்குத் தரும் தள்ளுபடி யார் பங்கில் குறையும்? உறை உடைந்து மீண்டும் செய்ய நேர்ந்தால் செலவு யாருடையது? பல் சீரமைப்புக் கம்பி சிகிச்சை ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் நீளும். நோயாளி தவணையில் பணம் தருவார். இடையில் மருத்துவர் விலகினால் மீதித் தவணையில் அவருக்குப் பங்கு உண்டா? ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுத வேண்டியவை இவைதான்.

ஊழியரா, தொழில்முறையாளரா?

பல மருத்துவமனைகள் ஊதியத்தைச் சம்பளமாகக் காட்டாமல் தொழில்முறைக் கட்டணமாகவே வழங்குகின்றன. 10 சதவீத வரி மூலத்திலேயே பிடிக்கப்படுகிறது. இதில் மருத்துவருக்கு ஒரு சாதகமும் உண்டு: மொத்த வரவில் குறைந்தது பாதியை வருமானமாகக் காட்டினால் போதும் என்ற வரிச் சலுகையைப் பெறலாம். ஆனால், வருங்கால வைப்பு நிதி, விடுப்பு, பணிக்கொடை எதையும் கேட்க முடியாது. காலை 10 முதல் இரவு 8 வரை உரிமையாளர் சொல்லும் நேரத்தில், அவருடைய கருவிகளால், அவர் நிர்ணயித்த கட்டணத்தில் வேலை செய்பவரைச் சுயேச்சையான தொழில்முறையாளர் என்பது பொருந்துமா என்ற கேள்வி நியாயமானது. ஊழியர் என்று ஏற்றாலும், வைப்பு நிதிச் சட்டம் பொதுவாக 20 பேர் பணிபுரியும் இடங்களுக்கே பொருந்தும். நான்கைந்து பேருடன் இயங்கும் மருத்துவமனை அதில் வராது.

உரிமையாளர்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. நோயாளி வராத நாளிலும் வாடகையும் கடன் தவணையும் நிற்பதில்லை. பயிற்சி பெற்ற அசோசியேட், நோயாளிகளின் தொலைபேசி எண்களோடு அடுத்த தெருவில் கடை விரிப்பார் என்ற அச்சமும் கற்பனையல்ல. அதற்காகச் சிலர் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வதும், விலகிய பின் இத்தனை கிலோமீட்டருக்குள் தொழில் செய்யக் கூடாது என்று எழுதி வாங்குவதும்தான் ஏற்கத்தக்கதல்ல. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 27-வது பிரிவு தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடுகளைச் செல்லாதவை என்கிறது. பணியில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாட்டை உச்ச நீதிமன்றம் 1967-ல் ஏற்றது. பணி முடிந்த பிறகும் தொடரும் தடை 1980-ல் அதன் முன் எடுபடவில்லை. கையெழுத்திடும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பல் மருத்துவர்களுக்கான 2014-ம் ஆண்டு நெறிமுறை விதிகள், நோயாளியை அனுப்புவதற்குக் கமிஷன் வாங்குவதைத் தடை செய்கின்றன. உடன் பணிபுரியும் மருத்துவருக்கு நியாயமான ஊதியம் எது என்பதை வரையறுக்கவில்லை. 1948-ம் ஆண்டு பல் மருத்துவர்கள் சட்டத்துக்கு மாற்றாக நாடாளுமன்றம் 2023-ல் நிறைவேற்றிய தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டமும் கல்வி, மதிப்பீடு, நெறிமுறை, பதிவு ஆகியவற்றையே பேசுகிறது. பிரிட்டனில் பல் மருத்துவர் சங்கமே தன் உறுப்பினர்களுக்கு அசோசியேட் ஒப்பந்த மாதிரியை வழங்குகிறது.

2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, பணியிலிருந்து விலகும் ஊழியருக்குரிய பாக்கியை இரண்டு வேலை நாள்களுக்குள் தர வேண்டும். கட்டண அடிப்படையில் பணிபுரிபவராகக் கருதப்படும் அசோசியேட்டுக்கு இது கிட்டாது. அவர் மூன்றாண்டுக் காலவரம்புக்குள் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க வேண்டும்.