மூக்குப்பட்டையும் இரண்டு விரல் இடைவெளியும்

பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர்

“குதிரையின் குணமறிந்துதான் தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை” என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. முரட்டுக் குணம் உடையவர் கையில் அதிகாரம் சேராமல் இருப்பதே நல்லது என்பதற்கு இதைச் சொல்வார்கள். ஆனால் குதிரைகளோடு பழகியவர்கள் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு என்பார்கள். கொம்பில்லாத இந்தப் பிராணி தன் வலியைச் சொல்லவும் அறியாது. காலை மிதித்துவிட்டால் நாய் கத்தி ஊரைக் கூட்டிவிடும். குதிரையோ பெரும்பாலும் சத்தமின்றிப் பொறுத்துக் கொள்ளும். ஆகவே அதன் முகத்தில் எதைக் கட்டுகிறோம், எப்படிக் கட்டுகிறோம் என்பதை அறிந்து செய்வது நம் கடமை ஆகிறது.

அன்புத் தோழியரே! கொடைக்கானலுக்கோ உதகைக்கோ சுற்றுலா சென்றவர்களில் ஏரிக்கரைக் குதிரைகளைக் காணாதவர் யார்? அக்குதிரைகளின் முகத்தில் குறுக்காக ஒரு தோல்வார் ஓடுவதையும் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காகக் கட்டியது என்றே பலரும் எண்ணுகிறோம். அதுதான் மூக்குப்பட்டை. அதிலும் இளங்குதிரையைப் பழக்குவதற்கென்றே செய்யப்பட்ட மூக்குப்பட்டை ஒன்று உண்டு. அதை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி அணிவிப்பது, எப்படிப் பயன்படுத்துவது என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூக்கணாங்கயிறு வேறு, மூக்குப்பட்டை வேறு

நம் நாட்டில் காளைக்கு மூக்கணாங்கயிறு குத்துவது வழக்கம். இரு நாசித் துவாரங்களுக்கும் நடுவே உள்ள சவ்வைத் துளைத்துக் கயிற்றைக் கோத்துவிடுகிறார்கள். குதிரைக்கு அப்படி எதையும் துளைப்பதில்லை. மூக்குப்பட்டை மூக்கின் வெளிப்புறத்தைச் சுற்றி வந்து தாடையின் அடியில் பக்கிளால் பூட்டப்படுகிறது.

கடிவாளத்தின் இரும்பு, வாய்க்குள் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல்லில்லாத இடத்தில் அமர்கிறது. அந்த இடத்து ஈறு மிகவும் மென்மையானது. பழகாத குதிரை திமிறும்போது இரும்பை இழுத்தால் வாய் புண்ணாகும். வாய் கெட்ட குதிரையை மீண்டும் வழிக்குக் கொண்டு வருவது அரிது. அதனால்தான் பழக்குநர்கள் முதல் பாடங்களை மூக்குப்பட்டையைக் கொண்டே கற்பிக்கிறார்கள். அப்பொழுது வாய் கெடாமல் காக்கப்படுகிறது.

மூக்கின் அமைப்பு

மூக்குப்பட்டையைப் பற்றி அறிய முதலில் மூக்கைப் பற்றி அறிய வேண்டும். கால்நடை மருத்துவராகிய என் தந்தையார் இதை விளக்கியபோது என் மூக்கையே தொட்டுப் பார்க்கச் சொன்னார். நீங்களும் தொட்டுப் பாருங்கள். புருவங்களுக்கு நடுவிலிருந்து விரலைக் கீழே கொண்டு வந்தால் முதலில் கெட்டியான எலும்பு தட்டுப்படும். பாதி வழியில் அது முடிந்து, அசைத்தால் அசையும் குருத்தெலும்பு தொடங்கிவிடும்.

குதிரைக்கும் அப்படியே. கண்களுக்கு நடுவே அகலமாகத் தொடங்கும் மூக்கெலும்பு, கீழே வர வர மெலிந்து ஒரு கூர்முனையாக முடிகிறது. அந்த முனைக்குக் கீழே பட்டையைத் தாங்க எலும்பு இல்லை. அங்கே இறுக்கினால் மூச்சுப் பாதையே நெருக்கப்படும்.

நமக்குச் சளி பிடித்தால் வாயால் மூச்சு விடுகிறோம். குதிரையால் அது முடியாது. அதன் மேலண்ணத்தின் பின்பகுதி நீண்டு தொங்கி, வாய்க்கும் மூச்சுக்குழலுக்கும் இடையே திரைபோல் அடைத்து நிற்கிறது. எனவே ஓடினாலும் நின்றாலும் அதற்கு மூக்கு ஒன்றே வழி. நாலுகால் பாய்ச்சலில் ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்று குதிரை காற்றை இழுக்கிறது. அந்த நேரத்தில் நாசிகள் கிண்ணம்போல் விரிவதைக் காணலாம். அந்த விரிவுக்குத் தடையாக எதுவும் இருக்கலாகாது.

கன்னத்தின் இருபுறமும், கண்ணுக்குக் கீழே நீளவாட்டில் ஒரு எலும்பு மேடு துருத்திக்கொண்டிருக்கும். இதைக் கன்னமேடு எனலாம். பட்டை அதன்மேல் உரசினால் தோல் வழன்று புண்ணாகும். கன்னத்தின் உட்புறத்தில் மேல்தாடையின் கடைவாய்ப் பற்கள் இருக்கின்றன. புல்லை அரைத்து அரைத்து அவற்றின் வெளி ஓரம் கூர்மையாகிவிடும். பட்டை இறுகினால் கன்னத்தின் உட்சதை அந்தக் கூர்மையில் அழுந்திக் கிழியும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

வகைகள்

மூக்குப்பட்டைகளில் பல வகைகள் உள்ளன. முக்கியமான சிலவற்றை மட்டும் கூறுகிறேன்.

சாதாரணப் பட்டை: ஒரே வார். கன்னமேட்டிற்குக் கீழே சுற்றி வருவது. பெரும்பாலான குதிரைகளுக்கு இதுவே போதும்.

தாழ்பட்டை: கடிவாள இரும்புக்குக் கீழே, மோவாய்க் குழிவில் பூட்டப்படுவது. குதிரை வாயைப் பிளக்காமல் தடுக்கும். சிறிது கீழே இறங்கினாலும் மூச்சை நெருக்கிவிடும் ஆதலால் தேர்ந்தவர் மட்டுமே இதைக் கையாள வேண்டும்.

கிராக்கிள் பட்டை: இரண்டு வார்கள் மூக்கின்மேல் பெருக்கல் குறிபோல் குறுக்கிட்டு நிற்கும். 1931ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் வென்ற கிராக்கிள் என்னும் குதிரையின் பெயரே இதற்கு வந்தது.

போசால்: மெக்சிகோவிலும் அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலும் மாடு மேய்ப்போர் பயன்படுத்துவது. பதப்படுத்தாத தோலை முறுக்கிப் பின்னிச் செய்த வளையம். வாயில் இரும்பே இல்லாமல் இளங்குதிரையைப் பழக்க உதவுகிறது.

கேவஸன்: இதுவே நம் கட்டுரைக்கு உரிய பயிற்சிப் பட்டை. மூக்கின் மேற்புறம் ஒரு உலோகத் தகடு இருக்கும். அதன் உட்புறம் மெத்தென்ற தோல் தைக்கப்பட்டிருக்கும். தகட்டில் மூன்று வளையங்கள்: நடுவில் ஒன்று, பக்கத்திற்கு ஒன்று. பிரெஞ்சு மன்னர் பதின்மூன்றாம் லூயிக்குக் குதிரையேற்றம் கற்பித்த புளுவினேல் என்பவரின் நூல் 1623இல் வெளிவந்தது. அதிலுள்ள படங்களிலேயே கேவஸன் அணிந்த குதிரைகளைக் காணலாம். ஆஸ்திரிய நாட்டின் வியன்னா நகரில் உள்ள ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியில், புகழ்பெற்ற லிபிஸான் வெண்குதிரைகளுக்கும் முதற்பாடம் கேவஸனில்தான்.

தேர்ந்தெடுக்கும் முறை

கடையில் பளபளப்பைக் கண்டு ஏமாறக் கூடாது. முதலாவதாக, தோலை மடித்துப் பார்க்க வேண்டும். வெடிப்புத் தெரிந்தால் வேண்டாம். தையல் நெருக்கமாகவும், நூல் முனை தோலில் குத்தாமலும் இருக்க வேண்டும்.

இரண்டாவதாக, தகட்டைப் பார்க்க வேண்டும். நல்ல கேவஸனின் தகடு இரண்டு மூன்று துண்டுகளாகக் கீல் வைத்து இணைக்கப்பட்டிருக்கும். அதனால் மூக்கின் வளைவுக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும். கீலின் இடுக்கில் உங்கள் சுண்டுவிரல் தோலை வைத்து அசைத்துப் பாருங்கள். உங்களைக் கிள்ளினால் குதிரையையும் கிள்ளும். சில நாடுகளில் உட்புறம் பற்கள் வைத்த தகடுகளும் இருந்து வருகின்றன. அவை மூக்கெலும்பின்மேல் ஆறாத தழும்பை உண்டாக்கும். அவற்றைக் கையாலும் தொடாதிருப்பதே மேல்.

மூன்றாவதாக, தாடை வார் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது கன்னத்தின் நடுவே குறுக்காகச் சென்று தாடையின் அடியில் பூட்டப்படும். கயிற்றை இழுக்கும்போது பக்கத்து வார் நழுவிக் குதிரையின் கண்ணில் ஏறாமல் இதுவே காக்கிறது. இது இல்லாத கேவஸனை வாங்குவது வீண்.

அணிவிக்கும் முறை

குதிரையின் இடப்புறம் நின்று, அதனோடு மெல்லப் பேசிக்கொண்டே, முதலில் காதுகளுக்குப் பின்னால் செல்லும் தலைவாரை மாட்ட வேண்டும். பிறகு பட்டையின் இடத்தைச் சரிபார்க்க வேண்டும். கன்னமேடு முடியும் இடத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு விரற்கடை கீழே பட்டை அமைய வேண்டும். நாசித் துவாரத்தின் மேல்விளிம்புக்கும் பட்டைக்கும் இடையே நான்கு விரற்கடைக்குக் குறையலாகாது. இந்த எல்லைக்குள் வைத்தால் பட்டை கெட்டியான எலும்பின்மேல் இருக்கும்.

அடுத்து தாடை வாரைப் பூட்ட வேண்டும். கேவஸன் அசையாதிருக்க வேண்டிய வேலையை இந்த வாரே செய்வதால், மூக்கை நெரிக்கத் தேவையில்லை. கடைசியாக மூக்குப்பட்டையைப் பூட்டுகிறோம்.

எவ்வளவு இறுக்கலாம்? சாதாரணப் பட்டைக்குப் பழைய விதி ஒன்று உண்டு. பட்டைக்கும் மூக்கெலும்புக்கும் இடையே பெரியவர் ஒருவரின் இரண்டு விரல்கள் எளிதாக நுழைய வேண்டும். அதையும் மூக்கின் மேற்புறத்தில்தான் அளக்க வேண்டும். கன்னப் பக்கத்தில் இயற்கையாகவே பள்ளம் இருப்பதால், எவ்வளவு இறுகிய பட்டையிலும் அங்கே விரல் போகும். கேவஸன் சற்றுப் படிந்து நிற்க வேண்டும் என்றாலும், அதை அணிந்தபடியே குதிரை ஒரு வாய்ப் புல்லை மென்று விழுங்க முடிய வேண்டும். நம்மைப் போன்ற மாணவியரின் விரல் மெல்லியது என்பதையும் மறக்கலாகாது. நம் விரல் நுழைந்துவிட்டது என்று திருப்தி அடைவதற்கு முன் பெரியவர் ஒருவரைப் பார்க்கச் சொல்வது நல்லது.

பயன்படுத்தும் முறை

ஏழு எட்டு மீட்டர் நீளமுள்ள கயிற்றை நடுவளையத்தில் மாட்டி, பழக்குநர் நடுவில் நின்று, குதிரையைத் தம்மைச் சுற்றி வட்டமாக நடக்கவும் ஓடவும் செய்கிறார். இதற்கு லஞ்சிங் என்று பெயர். வட்டம் பெரிதாக இருக்க வேண்டும். சிறு வட்டம் இளங்கால்களின் மூட்டுகளைக் கெடுக்கும். வலமாகவும் இடமாகவும் சம நேரம் ஓட்ட வேண்டும். தொடக்கத்தில் பத்துப் பதினைந்து நிமிடமே போதும்.

கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக் கொள்ளலாகாது. குதிரை மிரண்டு ஓடினால் விரல்கள் போய்விடும். மடிப்பு மடிப்பாகப் பிடித்து, கையுறை அணிந்து கொள்ள வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இது: முதலில் குரல், பிறகே கயிறு. “நில்” என்று சொல்லிக் கயிற்றை மெல்ல அழுத்த வேண்டும். குதிரை நின்ற அந்தக் கணமே அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். குதிரைக்குப் பாடமாக அமைவது அந்த விடுதலையே. சொன்னபடி செய்தால் அழுத்தம் நீங்குகிறது என்று அது புரிந்து கொள்கிறது. சில நாட்களில் கயிறு அசையாமலே குரலுக்கு நிற்கும். வெடுக்கென்று இழுப்பவரிடம் குதிரை கற்பது பயம் ஒன்றையே. இறுகக் கட்டிய பட்டையிலோ விடுதலை என்பதே இல்லை. விடுதலை இல்லாத இடத்தில் பாடமும் இல்லை.

ஏன் இறுக்குகிறார்கள்?

குதிரை வாயைப் பிளந்தால் பார்வைக்கு நன்றாக இல்லை; போட்டியில் மதிப்பெண்ணும் குறையும். ஆகவே பட்டையை இன்னும் ஒரு துளை இறுக்கிவிடுகிறார்கள். வாய் மூடிக்கொள்ளும். ஆனால் அது ஏன் வாயைத் திறந்தது? பல்லில் கூர்மை இருக்கலாம். இரும்பு அளவுக்குப் பொருந்தாமல் இருக்கலாம். சவாரி செய்பவரின் கை முரடாக இருக்கலாம். அழுகிற குழந்தைக்குப் பசியா, காய்ச்சலா என்று பாராமல் வாயைப் பொத்துவது போன்றதே இது.

இவ்வழக்கம் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை 2017இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அயர்லாந்து, இங்கிலாந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகளில் 750 போட்டிக் குதிரைகளின் பட்டைகளை ஆராய்ச்சியாளர்கள் பரிசோதித்தார்கள். இரண்டு விரல் இடைவெளி இருந்தவை நூற்றுக்கு 7 மட்டுமே. நூற்றுக்கு 44 குதிரைகளில் ஒரு விரலுக்கும் இடமில்லை! தேர்ச்சி பெற்றவர்களின் நிலையே இதுவானால் என்ன சொல்வது? ஆளுக்கு ஆள் விரல் மாறுவதால், அளவு மாறாத சிறு கருவியால் அளக்கும் முறையும் வந்தது. அனைத்துலகக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2025இல் தன் போட்டிகளில் அத்தகைய கருவியை நடைமுறைப்படுத்தியது.

நாம் செய்யக் கூடியது

நம்மில் குதிரை வளர்ப்போர் மிகச் சிலரே. ஆனால் சுற்றுலாவில் சவாரி செய்வோர் பலர். அடுத்த முறை ஏறுவதற்கு முன் ஒரு நிமிடம் குதிரையின் முகத்தைப் பாருங்கள். பட்டை நாசிக்கு மிக அருகில் இறங்கியிருக்கிறதா? அதன் அடியில் முடி உதிர்ந்தோ, வெள்ளை முடி முளைத்தோ இருக்கிறதா? குதிரை ஓயாமல் தலையை உதறுகிறதா? அப்படியானால் குதிரைக்காரரிடம், “அண்ணா, பட்டையைக் கொஞ்சம் தளர்த்திவிடுகிறீர்களா?” என்று மரியாதையாகக் கேளுங்கள். அவர் பிழைப்பு அந்தக் குதிரையை நம்பியே இருக்கிறது. அதற்கு நோவு வருவதை அவரும் விரும்ப மாட்டார். தளர்த்த ஒரு நொடிதான் ஆகும். காசும் செலவில்லை.

பட்டையே வேண்டாம் என்று நான் கூறவில்லை. பழக்கப்படாத குதிரை தனக்கும் ஆபத்து, பிறருக்கும் ஆபத்து. கட்டுப்பாடு இல்லாமல் கல்வி இல்லை என்பதை மாணவியராகிய நாம் நன்கு அறிவோம். ஆனால் அந்தக் கட்டுப்பாட்டினுள் மூச்சு விடவும், மெல்லவும், வலித்தால் வாய் திறக்கவும் இடம் இருக்க வேண்டும். அந்த இடத்தின் அளவு இரண்டு விரல்தான். வாய் பேசாத உயிருக்கு அதை மறுக்காதிருப்போமாக!