வீட்டில் கட்டப்படும் சைரோபிளேனைச் சீரமைத்தல்

சைரோபிளேன் என்பது இயந்திரத்தால் அன்றி எதிர்க்காற்றினால் தானே சுழலும் சுழலியைக் கொண்டு பறக்கும் வானூர்தி ஆகும். எசுப்பானியரான யுவான் டெ லா சியெர்வா 1923 இல் இதனைப் பறக்கவைத்தார். 1950களில் அமெரிக்காவில் இகோர் பென்சன் வரைபடங்களை விற்கத் தொடங்கியபின் பலர் வீட்டிலேயே கட்டலாயினர்.

முதற் பறப்புக்கு முன், விமானி அமர்ந்திருக்க, ஊர்தியைச் சுழலி அச்சாணியில் தொங்கவிட்டுச் சாய்கோணத்தை அளப்பர். வேறொரு புள்ளியிலும் தொங்கவிட்டால் ஈர்ப்பு மையத்தின் உயரம் புலப்படும். உந்துவிசைக் கோடு இம்மையத்துக்கு மிக மேலே அமைவதே பேராபத்து. சுழலியின் மீதான சுமை குறையும் கணத்தில் ஊர்தி முன்புறம் குப்புறக் கவிழும். பல உயிரிழப்புகள் இவ்வாறு நேர்ந்தவை.

இறகுகளைச் சமன்செய்வது பொறுமையைச் சோதிக்கும் வேலை. முனைக்கு முனை நூல் பிடித்து, அது நடுவச்சின் மேல் செல்கின்றதா எனப் பார்ப்பர். சுழலும்போது இறகு முனைகள் ஒரே தளத்தில் செல்லாவிடின் கட்டுப்பாட்டுத் தண்டு அதிரும்.